பூட்ஸ் அளவு

தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் கிளம்பிய மனைவி புஷ்பலதாவோடு, கோதண்டம் பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டரை நிறுத்தினார். இப்போதெல்லாம் பம்ப் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் பெட்ரோல் வரும்.

“எண்ணெய் வயல்களைத் தீவிரவாதிகள் பிடித்துவிட்டார்கள். நாம் படை அனுப்பலாமா?” என்றது பம்ப்.

“டீக்கடையில தினமும் அதைத்தானே சொல்றேன்!” கோதண்டம் ‘ஆம்’ பொத்தானை அழுத்தினார்.

“நன்றி. உங்கள் பூட்ஸ் அளவு?”

பதறிப்போய் ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்தினார்.

“நன்றி. அங்கிருந்து தப்பி வருபவர்களில் எத்தனை பேரை உங்கள் வீட்டில் தங்கவைப்பீர்கள்?”

“எங்கம்மா வந்தப்பவே இடமில்லன்னீங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!” என்றாள் புஷ்பலதா.

கோதண்டம் பெட்ரோல் போடாமலே வண்டியைத் தள்ளினார். சாலை முழுக்க எல்லோரும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். வழியில் டீக்கடைக்குள் ஒருவர் மேசையைத் தட்டி, “படையை அனுப்பணும்யா!” என்று முழங்கினார்.

“அவர் சைக்கிள்ல வந்திருப்பார்,” என்றாள் புஷ்பலதா.