சிவப்பு இழை

கண்ணாடி ஊதுகிறவர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

“பால் மாதிரி வெள்ளையா ஊதிக் குடுத்தேனே, அதுல என்னம்மா குறை?”

“ஒரு குறையும் இல்லைங்க. எனக்கு இன்னொண்ணு வேணும். அதுல சிவப்பு இழை நிறைய ஓடணும்.”

அதே பட்டறையில் பானை வனைந்துகொண்டிருந்தவர் சக்கரத்தை நிறுத்தினார்.

“போன மாசம் வெள்ளை பத்தலைன்னு மூணு தடவை திருப்பிக் குடுத்தீங்க. இப்ப சிவப்பா? ஒண்ணும் புரியலையே!”

அந்தப் பெண் தன் இடது கண்ணைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அழுதழுது கோவைப்பழமாகியிருந்த வலது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மாமியார் போய் மூணு நாள் ஆச்சுங்க. ‘அண்ணி பாதிதான் அழுதாங்க’ன்னு நாத்தனார் ஊரெல்லாம் சொல்றா.”