இருபது கிலோ மணல்

வெளிநாட்டுக் காட்டில் பத்து நாள் நடக்கப் போகிறோம் என்று கணவன் இரண்டு விமான டிக்கெட் போட்டான். அன்றே சட்டமும் போட்டான்.

"என் பையையும் நீதான் தூக்கணும். இப்பவே பழகிக்கோ."

முதுகுப்பையில் இருபது கிலோ மணலோடு தினமும் நாலு மாடி ஏறி இறங்கினாள் மனைவி. மூச்சு வாங்க நின்றால் மலையேறும் தடி முதுகில் விழும். உதடு கிழிந்தபோது டாக்டரிடம், "படியில விழுந்துட்டேன்" என்றாள். விலா எலும்பு விரிசல் விட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

"உங்க வீட்டுப் படியை முதல்ல இடிச்சுக் கட்டுங்கம்மா" என்றார் டாக்டர்.

மூன்று மாதத்தில் தோள்வலி மரத்துப்போய், கை கால் உரமேறிவிட்டது. கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், பையில் மணல் குறைகிறது என்று கணவன் தடியை ஓங்கினான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது.

மறுநாள் டிக்கெட் ஏஜென்சிக்குப் போன் போனது. "ரெண்டுல ஒண்ணு கேன்சல் பண்ணிடுங்க. கால்ல மாவுக்கட்டு போட்டிருக்கு."

வார்டுக்கு வந்த அதே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்படி ஆச்சு?"

கட்டிலில் கிடந்த கணவன், சுவரோரம் தடியோடு நின்ற மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"படியில விழுந்துட்டேன், டாக்டர்."