காற்றை இறக்கிய மாப்பிள்ளை

"ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் புனிதா.

கேட் அருகே நின்றவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் கார் சாவி.

"என்ன, வீட்ல ஃபங்ஷனா?" என்று கேட்டான்.

கிண்டல் வேறா! இருக்கட்டும், இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. இவன் ஒன்பதரைக்கே தனியாக வந்து நிற்கிறான். நெற்றியில் பத்துமலை முருகன் கோயில் விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெயர் சிவநேசன் என்று அவனே சொன்னான். அம்மா பத்து நாளாக மாப்பிள்ளையின் போட்டோவை நீட்டியும் புனிதா வீம்பாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வீம்புக்குக் காரணம் அந்தக் கார். பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, கிள்ளான் வீட்டுப் போர்ச்சில் மூன்று வருஷம் அவளே பூட்டி உருவாக்கியது. கூரை கிடையாது, கதவு கிடையாது, மொத்தமே ஐந்நூற்றைம்பது கிலோ. "கல்யாணம் முடிவானா அந்தத் தகரத்தை வித்துடணும்" என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே புனிதா ஒரு திட்டம் போட்டிருந்தாள். மாப்பிள்ளையை வளைவில் ஒரு உலுக்கு உலுக்கினால் போதும், பொண்ணு வேண்டாம் என்று அவனே ஓடிவிடுவான்.

அம்மா சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். புனிதா வண்டியைக் கிளப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் லோரி நிறுத்தும் திடல் காலியாகக் கிடந்தது. நடுவில் ஒரு எண்ணெய்ப் பீப்பாய். அதைச் சுற்றி வட்டமடித்தாள். இன்னும் மிதித்தாள். பின்பக்கம் வழுக்கி, கார் பம்பரமாகச் சுழன்று நின்றது. மல்லிகைச் சரம் பறந்துபோய் அவன் மடியில் விழுந்தது.

அவன் கத்தவில்லை. சரத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கிப் போய்ப் பின் டயரைத் தடவிப் பார்த்தான்.

"டயர் தப்பு லா" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "இது ரேஸ் டயர்! நல்லா ஒட்டும்னுதானே வாங்குனேன்!"

"ஒட்டும், பெரிய கார்ல. ஆயிரத்து முந்நூறு கிலோ மேல உட்கார்ந்து அழுத்தினாத்தான் இந்த ரப்பர் சூடேறி இளகும். உங்க காரு பூனைக்குட்டி. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள். அத்தனை சுழன்றும் சூடே ஏறவில்லை. கோபம் கோபமாக வந்தது.

"காத்து எவ்ளோ வச்சிருக்கீங்க?"

"முப்பத்திரண்டு. எல்லாக் காருக்கும் அதானே?"

"அய்யோ! அதான் நடுப்பட்டை மட்டும் தரையைத் தொடுது. பதினெட்டு போதும். நாளைக்கே ஒல்லியா, சாதாரண ரோட் டயர் மாட்டினா இன்னும் நல்லா நிக்கும்."

"நிக்காது."

"பந்தயமா?"

"பந்தயம்தான்!"

அவன் முன்னால் இரண்டு, அவள் பின்னால் இரண்டு என்று உட்கார்ந்து காற்றை இறக்கினார்கள். வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறுப்பாக விரல் பதிந்தது. அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. புனிதா கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

அதே வளைவு, அதே வேகம். கார் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

"ஐயோ, நிக்குது!" என்று கூவினாள்.

"காலை எடுக்காதீங்க! மிதிங்க, மிதிங்க!"

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன் லா!"

எட்டுப் போட்டார்கள். திருப்பி எட்டுப் போட்டார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது. "நான் ஒரு தடவை?" என்று அவன் கேட்டபோது, இதுவரை யாருக்கும் கொடுக்காத ஸ்டீயரிங்கை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். நன்றாகத்தான் ஓட்டினான், பாவி.

திரும்பி வரும்போது மெல்லக் கேட்டாள். "பொண்ணுங்க இப்படி ஓட்டுறது உங்களுக்குப் பரவாயில்லையா?"

"உண்மையைச் சொல்லவா? இவ்ளோ ஆசையா ஓட்டுறவங்க கையிலேர்ந்து இந்தக் காரைப் பிரிச்சா பாவம் லா. எனக்கு மனசே வரல."

புனிதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. பிடித்துத் தொலைந்துவிட்டது, வேறென்ன சொல்ல? கார் தப்பித்தது. கூடவே மாப்பிள்ளையும் கிடைத்துவிட்டான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, புடவையோடு எகிறிக் குதித்தாள்.

"அம்மா! எனக்குச் சம்மதம்! நூறு தடவை சம்மதம்!"

சிவநேசன் திருதிருவென்று விழித்தான். கையில் கரண்டியோடு ஓடிவந்த அம்மா அவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்குடி சம்மதம்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சுங்கை வேயிலேர்ந்து இப்பதான் கிளம்புறாங்களாம். இந்தத் தம்பி, உனக்குத் தெரியாம நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்து உன் காரை வாங்க வந்தவரு!"

சிவநேசன் சட்டைப் பையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினான். "காரு வேணாம், ஆன்ட்டி. நாளைக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டு வரேன். அந்த மாப்பிள்ளையை மட்டும் வழியிலேயே திரும்பச் சொல்லிருங்க."