இரண்டாவது திறப்பு

மேக்ரோவை விரித்துப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அட, இதுவா!

லிஸ்ப் என்ற கணினி மொழியில் ஒரு சுகம் உண்டு. மொழியில் இல்லாத கட்டளையை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு வரி எழுதினால் போதும். மேக்ரோ அதைப் பல வரிகளாக விரித்துக் கணினியிடம் கொடுத்துவிடும். அவள் உண்டாக்கியது ஒரு சுழல். பெயர், காத்திரு. வாசல் கேமராவில் வீட்டு ஆள் முகம் தெரியும்வரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தெரிந்ததும் கதவைத் திறக்கும். அங்கேயே நிற்கிற முகத்துக்கு மறுபடி திறக்காது.

அப்படித்தான் எழுதினாள். ஆனால் நாலு மாதமாக ஒவ்வொரு தடவையும் கதவு இரண்டு முறை திறந்தது.

திறக்கும். மூடும்.

மறுபடி திறக்கும். மூடும்.

மோட்டார்தான் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டாள். பாவம், அந்த மனுஷன் புதிதாக ஒன்று மாற்றியும் கொடுத்தார். அதே நாலு மாதமாக வீட்டில் பாலும் போதவில்லை. பால்காரரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மகள் சம்யுக்தா இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. முதல் திறப்பு அவசரக்குடுக்கை. ஒருமுறை அவள் மூக்கில் இடித்தே மூடியிருக்கிறது. அதிலிருந்து காலேஜ் விட்டு வந்தால் ஒதுங்கி நிற்பாள். இரண்டாவதற்குத்தான் உள்ளே வருவாள்.

"பழகிருச்சும்மா. விடு."

விட முடியுமா? புரோகிராம் எழுதுவதே பிழைப்பு. சொந்த வீட்டுக் கதவு மானத்தை வாங்குகிறது.

தப்பு இப்போது திரையில் பல்லிளித்தது. திற என்ற கட்டளையை மேக்ரோ இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது. திறந்ததா என்று கேட்கும் இடத்தில் ஒன்று. திறக்கச் சொல்லும் இடத்தில் ஒன்று. கேட்பதற்கே ஒருமுறை திறந்து தொலைக்கிறது. கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு.

ஒன்றை அழித்தாள். ஓடவிட்டாள்.

கீழே காலேஜ் பஸ் ஹாரன் அடித்தது. லிஃப்ட் வந்து நின்றது.

கதவு திறந்தது. மூடியது.

அவ்வளவுதான்.

அவளுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

காலடிச் சத்தம் ஹாலைத் தாண்டிச் சமையலறைக்குள் போனது.

"பால் அடுப்பு மேல இருக்கு கண்ணு."

"ம்."

டம்ளர் எடுக்கும் சத்தம். பால் ஊற்றும் சத்தம்.

போன் அடித்தது. சம்யு.

இங்கே இருந்துகொண்டு என்ன போன்?

"அம்மா, கதவு ஒரு தடவதான் தொறந்துச்சு. ரெண்டாவதுக்கு நின்னுட்டே இருக்கேன். வந்து தொற."

கேமராவைப் பார்த்தாள். வாசலில் சம்யு. தோளில் பை, காதில் போன். வியர்வையைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் பால் ஊற்றும் சத்தம் நின்றது.

நாலு மாதம். தினம் முதல் திறப்புக்கு உள்ளே வந்தது எது? எதுவானாலும் சரி, மகள் வெளியே இருக்கிறாள். அது போதும்.

"கண்ணு, நீ கீழ போயிரு." கிசுகிசுத்தாள். "வாட்ச்மேன் பக்கத்துல நில்லு. அம்மா சொல்ற வரைக்கும் மேல வராத."

"ஏம்மா? என்னாச்சு?"

"போ சாமி."

கேமராவில் சம்யு முகத்தைச் சுளித்தாள். லிஃப்ட் பக்கம் நடந்தாள். வாசல் காலியானது.

முதுகுக்குப் பின்னால் ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி வந்தன. அறை வாசலில் நின்றன.

"யாரும்மா போன்ல?" என்றாள் சம்யு.