திரையில் ஒன்றும் இல்லை

குரல் நின்றது.

அரை விநாடிதான். பிறகு "வெற்று" என்று ஒரே ஒரு சொல். அதன் பின் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவள் கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினாள். நாலு மணி ஏழு நிமிடம் என்று அது பேசியது.

பார்வை இல்லாத அவளுக்குக் கணினியை வாசித்துச் சொல்லும் குரல் அது. பன்னிரண்டு வருடப் பழக்கம். மூச்சு விடாத வேகத்தில் பேசும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஒரு வார்த்தை பிடிபடாது.

மேசைக்கு எதிரே தங்கதுரை நாற்காலியை நகர்த்தினார். பாளையங்கோட்டையில் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்.

"ரெண்டு ஆன்டிவைரஸ் ஓட்டிட்டேன் டீச்சர். ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. நீங்க கைதவறி எதையாச்சும் அமுக்கியிருப்பிய."

இரண்டு வாரமாக அவள் பெயரில் மின்னஞ்சல்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. பரிசு விழுந்திருக்கிறது, இந்த இடத்தைத் தொடுங்கள் என்று. சக ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் போயிற்று. தலைமையாசிரியைக்கு மூன்று முறை.

தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அவள் அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் முடிவு செய்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது. கடவுச்சொல் இனி அவரிடம் இருப்பது. மின்னஞ்சல், பேங்க், எதுவானாலும் அவரைக் கேட்டுத் திறப்பது.

"ஒனக்கு எதுக்குட்டி இந்த வம்பு? நான் பாத்துக்கிடுதேன்."

அவள் நாலரை மணி வரை தவணை கேட்டிருந்தாள்.

பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை குரல் தடுக்கியது. அதை மூன்று நாளாக எண்ணி வைத்திருந்தாள். யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடுவது போல இருந்தது.

"ஸ்கிரீன்ல வராது அண்ணாச்சி. வந்து வந்து ஒளிஞ்சிக்கிடுது."

தங்கதுரையிடம்தான் சொன்னாள். சோபாவில் அண்ணன் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

இந்த நொடி முன்னால் நிற்பது எது என்று குரலிடம் கேட்க, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதுவும் அந்த அரை விநாடிக்குள்.

நாலு பதினெட்டு.

அண்ணனின் போன் அடித்தது. அந்தச் சத்தத்தில் தடுக்கல் அமுங்கிப் போயிற்று. விரல் பிந்திவிட்டது.

அண்ணன் போனில் பேசி முடித்தார். தங்கதுரை பையின் ஜிப்பைத் திறந்தார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும் சி.டி., உறையோடு மேசையில் வைக்கப்பட்டது.

அவள் விரல்களை விசைகளின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

நாலு இருபத்தொன்பது.

குரல் நின்றது. அழுத்தினாள்.

குரல் ஒரு பெயரைச் சொன்னது. பிரிண்டர் அப்டேட்.

அந்த வீட்டில் பிரிண்டர் இருந்ததே இல்லை.

அதன் பிறகு அவள் தவணையை யாரிடமும் கேட்கவில்லை. அவள் விரல்கள் ஓடின. கோப்புறைக்குள் கோப்புறையாக ஏழு அடுக்கு. கடைசியில் மூன்று கோப்புகள். தங்கதுரை எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். மூச்சுக் காற்றில் தெரிந்தது.

நீக்கப் பார்த்தாள். பயன்பாட்டில் இருக்கிறது என்று கணினி மறுத்தது.

முதலில் அதன் ஓட்டத்தை நிறுத்தினாள். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை அதை எழுப்பிவிடும் கட்டளையைத் தேடிப் பிடித்து அழித்தாள். மறுபடி கோப்புகளிடம் வந்தாள்.

நீக்குவதற்கு முன் ஒன்று செய்தாள். குரலின் வேகத்தைக் குறைத்தாள். மற்றவர்கள் கேட்கிற வேகத்துக்கு.

எப்போது வந்தாய் என்று கேட்டாள்.

"அக்டோபர் ஐந்து," என்றது குரல், ஒவ்வொரு சொல்லாக. "ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து நாற்பத்திரண்டு."

அதே நிமிடத்தில் இறங்கிய இன்னொரு கோப்பையும் வாசித்தது.

"இலவச நேரலை. கிரிக்கெட்."

ஞாயிறு பத்து நாற்பத்திரண்டுக்கு அவள் கோயில் ஆராதனையில், பாடகர் குழுவில் நிற்பாள். ஒரு வாரம் தவறியதில்லை. தங்கதுரைக்கு அது தெரியும். அவர் உட்காருவது இரண்டாவது பெஞ்சில்.

கேஸ் சிலிண்டர் வரும் என்று அன்று வீட்டில் இருந்தவர் அண்ணன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செய்தித்தாள் சத்தமே இல்லை.

அவள் யார் பக்கமும் திரும்பவில்லை. மூன்று கோப்புகளையும் தேர்ந்தெடுத்தாள். நிரந்தரமாக நீக்கவா என்று குரல் கேட்டது.

ஆம்.

பிறகு பாடத்தை ஓடவிட்டாள். வேலூர்ச் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். நாலு நாற்பது ஆயிற்று. கொடி மரத்தில் பழைய கொடி இறங்கியது, புதுக் கொடி ஏறியது. நாலு நாற்பத்திரண்டு. குரல் எங்கும் தடுக்கவில்லை.

சி.டி. உறை பைக்குள் திரும்பிப் போயிற்று.

"புது பாஸ்வேர்டு போட்டுருங்க டீச்சர்," என்றார் தங்கதுரை. "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

எட்டு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் குரல் "நட்சத்திரம்" என்று மட்டும் சொன்னது.

சோபாவின் கம்பிச் சுருள் முனகியது. அண்ணன் எழுந்துவிட்டார்.

"காப்பி போடட்டுமாட்டி?"

ஐம்பத்தோரு வயதில் அவர் இதைக் கேட்டது இதுவே முதல் தடவை.

"அண்ணாச்சிக்கும் சேத்து," என்றாள்.

செருப்பில்லாத காலடி சமையலறைக்குப் போயிற்று. ஒரு டப்பா திறந்தது. மூடியது. இன்னொன்று திறந்தது. அதுவும் மூடியது.

சீனி எதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மூன்றாவது மூடியின் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.