உடம்புக்கு நல்லது

கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்த சங்கையாவின் முதுகில் ஒரு சாக்கு இருந்தது.

ஏலச்செடி மறைவில் நின்று புருஷனை வேவு பார்த்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி இன்னும் குனிந்துகொண்டாள்.

அந்த வீட்டில் ஆள் கிடையாது. சாந்தன்பாறை ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில் கிடக்கும் அந்த லயத்து வரிசை வீடுகளில் இப்போது அடுப்பு எரிவது இவர்கள் வீட்டில் மட்டும்தான். மற்ற குடும்பங்கள் பிள்ளைகளோடு திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டன.

இதுதான் அவனுடைய உடற்பயிற்சி போலிருக்கிறது.

மழை விட்டதிலிருந்து அவன் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து உடற்பயிற்சி செய்தால் உடம்புக்கு நல்லது. சர்க்கரை குறையும், மூட்டு இளகும், ராத்திரி படுத்ததும் தூக்கம் வரும். செல்போனில் பனியன் போட்ட எவனோ குதிப்பதை வேறு காட்டினான்.

பகல் முழுக்க ஏலக்காட்டு மேட்டில் ஏறி இறங்குகிற கூலிக்காரனுக்கு எதற்கு உடற்பயிற்சி? அதுவும் யானை நடமாடுகிற காட்டில், இருட்டோடு? கேட்டால் காதைச் சொறிந்தான். கட்டிய நாளிலிருந்து அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது கை தானாகக் காதுக்குப் போய்விடும்.

முதலில் அவள் டின்சியைத்தான் சந்தேகப்பட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். வீட்டுக்காரன் துபாயில். இவன் அவளோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நிற்பதும், முத்துப்பேச்சியின் தலையைக் கண்டதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வதுமாக இருந்தது. போதாக்குறைக்குக் கொடியில் கிடந்த தன்னுடைய நீலச் சேலையையும் காணவில்லை. வைப்பாட்டிக்கு எவனாவது பழைய சேலையைக் கொடுப்பானா என்று யோசித்தாள். சங்கையா கொடுப்பான், கடைந்தெடுத்த கருமி என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் சாக்கு என்றால் விஷயம் வேறு. பொம்பளை விவகாரத்தை விளக்குமாற்றால் தீர்த்துவிடலாம். காய் எடுப்பு நடக்கிற நேரத்தில் திருட்டுப் பச்சை ஏலக்காய்ச் சாக்கோடு பிடிபட்டால் அன்றைக்கே இரண்டு பேர் வேலையும் போய்விடும். அவள் வேலைக்காக எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அதை விட்டால் தலை சாய்க்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

சங்கையா மேட்டில் ஏறினான். அவள் பின்னாலேயே போனாள்.

செங்குத்தான பாதை. பாதி வழியில் மூச்சு முட்டி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன வாயு, நேரம் காலம் தெரியாமல் நெஞ்சை அடைத்தது. கையால் அழுத்திக்கொண்டே, முன்னால் போகிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தாள்.

அவன் நிற்கவேயில்லை. நேரே ரோட்டுக்குப் போய், ஜீப் வந்து நிற்கிற இடத்தில்தான் நின்றான்.

வாங்குகிறவன் வரப்போகிறான், எந்தக் களவாணிப் பயல் என்று பார்த்துவிடுவோம் என்று அவள் புதருக்குள் பதுங்கினாள்.

ஒரு ஜீப் வந்தது. சங்கையா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு அடங்கியதும், வந்த வழியே சாக்கோடு இறங்க ஆரம்பித்தான்.

திருடியவன் சரக்கைத் திரும்பவும் வீட்டுக்கா கொண்டு போவான்? முத்துப்பேச்சிக்குப் பொறுக்கவில்லை. பாதையை மறித்துக்கொண்டு நின்று, சாக்கை இறக்கு என்றாள்.

அவன் கை காதுக்குப் போனது. உடம்புக்கு நல்லது என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, நெஞ்சில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தான்.

சாக்கை முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தது அவளுடைய நீலச் சேலை.

முத்துப்பேச்சி சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. பச்சைக்காய் இப்படிக் கனக்காது. வாயைப் பிரித்துக் கையை விட்டாள். வெறும் மண்.

கோபம் போய் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது, இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று.

"மண்ண எதுக்குய்யா சொமக்குற?"

சங்கையா லயம் இருக்கிற பள்ளத்தைப் பார்த்தான். முன்பெல்லாம் அங்கே யாருக்காவது முடியாமல் போனால், கம்பளியைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, நாலு ஆள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருவார்கள். பக்கத்து வீட்டுச் சுடலைமணியை அப்படித்தான் தூக்கி வந்து பிழைக்க வைத்தார்கள். இப்போது அந்த நாலு ஆளில் ஒருத்தரும் இங்கே இல்லை.

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன் பேச்சி," என்றான். "நர்சுகிட்ட கேட்டு, ஸ்டோர் தராசுல ஒன் எடைக்குத்தான் மண்ணு போட்டுருக்கேன். சாக்குக்குக் கை இல்ல, அதான் சேலையால கட்டுறேன். நீ கழுத்தப் புடிச்சுக்கிட்டா இன்னும் வெரசா ஏறிருவேன்."

வேலைக்கு லாயக்கில்லை என்று எஸ்டேட் ஒதுக்கிவிட்டால் வீடு போய்விடுமே என்று பயந்து, நெஞ்சு நோயைப் பற்றி என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிடாதே என்று டின்சியின் கையைப் பிடித்துக் கெஞ்சியவள் முத்துப்பேச்சிதான். வீட்டில் வாயு என்று சொல்லி இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

நெஞ்சில் இருந்த கையை வெடுக்கென்று எடுத்தாள், இத்தனை நாளும் அவன் பார்க்கும்போதெல்லாம் எடுத்தது போலவே.

பிறகு மெதுவாக அதை அங்கேயே வைத்துக்கொண்டாள்.