திரும்ப அழைத்த கடிதம்

ஓடும்போதே என்ஜின் நின்றுவிடுகிறது என்று புகார்கள் குவிந்ததால், புதுக் காரைத் திருப்பி அனுப்பும்படி கம்பெனி கடிதம் எழுதியிருந்தது. அருகில் நின்ற பழைய கார் சிரித்தது.

"என்னடி, பிறந்த வீட்டுக்கே அனுப்புகிறார்களாமே? எங்கள் காலத்தில் ஒருத்தியையும் திரும்ப அழைத்ததில்லை."

"உங்கள் என்ஜின் நின்றதே இல்லையா, அக்கா?"

"ஏற்காட்டு மலையில் ஏறும்போதெல்லாம் நின்றது. குடும்பமே இறங்கிப் பாடிக்கொண்டே தள்ளும்."

"நான் நின்றபோது இறங்கிப் புகார்தான் எழுதினார்கள். அங்கே என்னைப் பிரித்துப் போட்டுவிடுவார்களோ?"

"பயப்படாதே, என்ஜினை மாற்றி அனுப்பிவிடுவார்கள். உனக்குப் போக ஓர் இடமாவது இருக்கிறது. என்னைச் செய்த கம்பெனியை மூடி முப்பது வருடமாகிறது."

இழுவை வண்டி வந்து புதுக் காருக்குச் சங்கிலி மாட்டியது. பழைய கார் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"அங்கே எங்கள் பழைய கம்பெனியில் வேலை பார்த்த வயதான மெக்கானிக் எவராவது இருந்தால், என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டு வருகிறாயா?"